குளிர் வந்தால் நடையை நிறுத்த வேண்டுமா?

வாசகர் கேள்வி, மே 17

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் நான்கு குடும்பங்களும் மூன்று நாய்களுமாகச் சேர்ந்து காலையில் நடக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் மே முடிவதற்குள் குழு கலைந்துவிடுகிறது, செப்டம்பரில்தான் மறுபடி கூடுகிறது. குளிரில் வெளியே போவது நாய்க்கும் ஆகாது, வயதானவர்களுக்கும் ஆகாது, ஆகவே அந்த மூன்று மாதங்கள் ஓய்வு கொடுப்பதே சரி என்கிறார் என் கணவர். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

மே 17, இரவு

நிறுத்தாதீர்கள். நான் டர்பனுக்கு அருகே இருக்கும் மாரிட்ஸ்பர்க்கில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) பதினான்கு ஆண்டுகளாக நடக்கிறேன், அதில் ஒன்பது ஆண்டுகள் நாயுடன். எங்கள் குழுவும் முதல் மூன்று குளிர்காலங்களில் உங்களுடையதைப் போலவே கலைந்தது. நாங்களும் குளிரின் மீதுதான் பழி போட்டோம். பிறகுதான் புரிந்தது, எங்களைக் கலைத்தது இருட்டு.

டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும், ஜூனில் ஏழு மணியை நெருங்கித்தான் உதிக்கும். ஐந்தரைக்குத் தெருமுனையில் கூடிப் பழகிய குழு, மே மாதத்திலும் அதே ஐந்தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டில் நிற்க வேண்டியிருக்கும். இந்த நாட்டில் இருட்டில் நடப்பதற்கு யாரும், அதிலும் பெண்கள், இரண்டு முறை யோசிப்பார்கள். ஒருவர் வராமல் நின்றதும் மற்றவருக்கும் மனம் தளர்கிறது. இரண்டே வாரத்தில் குழு இல்லை. யாரும் "குளிருக்குப் பயந்து நின்றேன்" என்று சொல்லவில்லை, எல்லாரும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்றுதான் சொன்னார்கள்.

நாங்கள் நேரத்தை மாற்றினோம். சனி, ஞாயிறு காலை எட்டு மணி, வாரநாளில் இரண்டு நாள் மட்டும் மாலை நான்கு மணி. மாலையிலும் கவனம் வேண்டும், ஜூனில் ஐந்து மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். ஜூன் 21 கடந்துவிட்டால் காலையில் வெளிச்சம் முன்னே வரத் தொடங்கும், அதுவரை பொறுத்தால் போதும்.

மே 19

நேரம் பாதி, இடம் பாதி. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கும் நகரம். மேகமில்லாத குளிர்கால இரவில் நிலம் தன் வெப்பத்தை எல்லாம் வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து, கனத்து, சுற்றியுள்ள மேடுகளிலிருந்து பள்ளத்துக்கு வழிந்து, ம்சுண்டுசி ஆற்றங்கரையில் குளம் போலத் தேங்கி நிற்கிறது. மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் கீழே உள்ளது எழும்ப முடியாது. அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் அதனுள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். குளிர்காலக் காலையில் நகரத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பல ஆண்டுகளாக நாங்கள் ஓடைக்கரையில் நடந்தோம், சமதளம் என்பதால். அங்கேதான் புல் வெள்ளையாக உறைந்து கிடந்தது, அங்கேதான் எனக்கு இருமல் வந்தது. ஒருநாள் குழுவில் இருக்கும் செவிலியரான அக்கா, சமையலறையில் வைக்கும் சிறிய வெப்பமானியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். காலை ஏழரைக்கு ஓடைக்கரையில் 2 டிகிரி. வண்டியில் ஏறி, வேர்ல்ட்ஸ் வியூ மேட்டுக்குப் போகும் பழைய மாட்டுவண்டிப் பாதையில் பாதித் தொலைவில் இறங்கிப் பார்த்தபோது 9 டிகிரி. கால் மணி நேர இடைவெளியில் ஏழு டிகிரி வேறுபாடு. எந்தக் கம்பளிச் சட்டையும் அவ்வளவு சூட்டைக் கொடுக்காது. அன்றைக்கு எங்கள் கால்களுக்குக் கீழே புகைப் போர்வை கிடந்தது, மேலே வானம் துடைத்து வைத்தது போல நீலமாக இருந்தது. என் கறுப்பி (பெயர்தான் கறுப்பி, நெஞ்சில் வெள்ளை உண்டு, ஜூலு கிராமங்களில் திரியும் நாட்டு நாய்களின் வம்சம்) ஓடைக்கரையில் ஒரு காலைத் தூக்கித் தூக்கி நடந்தவள், மேலே வந்ததும் நான்கு காலையும் ஊன்றி ஓடினாள்.

அதன் பிறகு ஜூன், ஜூலையில் ஓடைக்கரைப் பக்கம் நாங்கள் காலையில் போவதில்லை.

மே 20

ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்கு: உங்கள் நகரமே கடல்மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எங்களைவிட நீங்கள் கடுங்குளிர்க்காரர்கள். ஆனாலும் அங்கேயும் பள்ளம் பள்ளம்தான், மேடு மேடுதான். எமரென்ஷியா அணைக்கரையில் புல் உறைந்து கிடக்கும் அதே காலையில், நார்த்கிளிஃப் குன்றின் சரிவில் கையுறை இல்லாமல் நடக்கலாம். குளிர்காலத்தில் உங்களுக்கு மழையும் இல்லை, காற்றில் ஈரமும் இல்லை. குளிர்தானே என்று தண்ணீர்ப் புட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாய்க்குத் தாகம் எடுப்பது வறண்ட காற்றில் நமக்குத் தெரியாமல் போய்விடும்.

மே 25

உங்கள் கணவர் சொன்னதை முழுவதும் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு வாரமாக அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு பாதி சரி, அந்தப் பாதி எங்கள் குழுவிலேயே இருக்கிறது.

எங்களில் மூத்தவரை எல்லாரும் தாத்தா என்றே கூப்பிடுகிறோம். வயது எண்பது நெருங்குகிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகச் சென்னையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்தின் நான்காம் தலைமுறை. வீட்டில் பேசுவது ஆங்கிலம், ஆனால் நாயிடம் பேசுவது முழுக்கத் தமிழ். "வாடா ராஜா, மெதுவா, மெதுவா." ராஜா பன்னிரண்டு வயது லாப்ரடார். குளிர்காலக் காலையில் ராஜா எழுந்திருப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டி உடம்பை முன்னே இழுப்பான். பின்பகுதி மட்டும் பாயிலேயே இருக்கும். பிறகு பின்னங்கால் ஒன்றை அடியில் கொடுத்து, அது நடுங்க, சற்று நேரம் அப்படியே நிற்பான். தாத்தா குனிந்து அவன் இடுப்பின் கீழே துண்டைக் கொடுத்து இரண்டு கையாலும் தூக்கிவிடுவார். நின்றபின் பத்து அடி விறைத்த காலோடு நடந்து, அதற்குப் பிறகுதான் மூட்டு இளகும்.

இப்படிப்பட்ட நாயை ஏழரை மணிக்கு உறைந்த புல்லில் நடத்துவது கொடுமை. ஆனால் வீட்டிலேயே படுக்கவைத்துவிடுவதும் நல்லதாக இல்லை. ஓர் ஆண்டு தாத்தா அப்படிச் செய்து பார்த்தார், ஆகஸ்டில் ராஜாவால் வாசற்படி ஏற முடியவில்லை. நடக்காத மூட்டு இன்னும் இறுகுகிறது, உட்கார்ந்து தின்ற உடம்பு எடை கூடி அந்த மூட்டின் மேலேயே ஏறுகிறது. இப்போது கால்நடை மருத்துவர் சொன்னபடி வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல், பதினைந்து நிமிடம், நாள் தவறாமல். நீண்ட நடை வாரத்துக்கு ஒருமுறை என்பதைவிடச் சிறிய நடை தினமும் என்பது கிழ நாய்க்குப் பொருந்துகிறது.

ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: கிழ நாய், குட்டி, மெலிந்த உடம்பும் குட்டை மயிரும் உள்ள நாய் ஆகியவற்றுக்குக் குளிர் உண்மையிலேயே வலிக்கும். அவற்றுக்கு வேண்டியது வெயில் நேரமும் முதுகுக்கு ஒரு துணியும். மூன்று மாத ஓய்வு அவற்றுக்கும் வேண்டாம்.

ஜூன் 1

இன்று காலை நடை ஒரு மணி நேரம், அதன் பிறகு கறுப்பியின் உடம்பிலிருந்து விதை பொறுக்கியது ஒன்றே கால் மணி நேரம்.

மழை நின்று புல்லெல்லாம் காய்ந்துவிட்ட இந்த நாள்களில் பிளாக்ஜாக் செடி பாதையோரம் முழுவதும் விதை முற்றி நிற்கிறது. ஊசி போன்ற கருத்த விதை, நுனியில் இரண்டு முட்கள், அந்த முட்களிலும் பின்னோக்கி வளைந்த பொடிக் கொக்கிகள். உரசிப் போகிற எதையும் அது பற்றிக்கொள்ளும். எங்கள் ஊர்ப்பக்கம், பாளையங்கோட்டையில், வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவியை எனக்கு நினைவூட்டுகிறது. அதன் பெயரிலேயே நாய் இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் காட்டுச்செடி நாயைத்தான் வண்டியாக்கிக்கொள்கிறது.

உரோமத்தில் இருப்பது தொல்லை மட்டும்தான். கால்விரல் இடுக்கிலும் காதுக்குள்ளும் போவதுதான் ஆபத்து. காய்ந்த புல்லின் கூர்மையான விதை தோலைத் துளைத்து உள்ளே நகர்ந்துகொண்டே போகும், பின்னோக்கி வராது. நடை முடிந்ததும் ஒவ்வொரு பாதத்தையும் மல்லாத்தி, விரல்களை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். நாய் ஒரே இடத்தை விடாமல் நக்கினால், அல்லது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தால், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

ஜூன் 2

விதையைப் பற்றி எழுதிவிட்டு உண்ணியைப் பற்றி எழுதாமல் விட்டது சரியில்லை. அதை எழுதக் கை வரவில்லை என்பதுதான் உண்மை.

ஆறு ஆண்டுகளுக்கு முன், குளிர் வந்துவிட்டது, உண்ணியெல்லாம் செத்திருக்கும் என்று நானாக முடிவு செய்து, மே மாதத்தில் கறுப்பிக்கு உண்ணி மருந்து கொடுப்பதை நிறுத்தினேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை, நானேதான். ஜூன் மூன்றாம் வாரம் அவள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வயதாகிறது, குளிர், என்று விட்டேன். மறுநாள் நடைக்குப் பட்டையை எடுத்தபோது எழுந்திருக்கவில்லை. செவிலியர் அக்கா வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கறுப்பியின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறு, பழைய மெழுகுவர்த்தியின் நிறத்தில் இருந்தது. சிறுநீர் தேயிலைச் சாயம் போல இறங்கியது. இங்கே பிலியரி என்று சொல்லும் காய்ச்சல் அது. உண்ணி கடிக்கும்போது இரத்தத்தில் ஏறும் நுண்ணுயிர், சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைத்துவிடுகிறது. வேறொரு நாயின் இரத்தம் ஏற்றித்தான் அவளைப் பிழைக்க வைத்தார்கள். அந்த இரத்தம் குழுவில் இருக்கும் ரிட்ஜ்பேக் நாயான வீரனுடையது.

மாரிட்ஸ்பர்க்கில் குளிர்காலப் பகல் 20 டிகிரிக்கு மேலே போகிறது. உண்ணி குறையும், சாகாது. மருந்தை ஆண்டு முழுவதும் கொடுங்கள். ஈறு பார்க்கும் பழக்கத்தை நாய் நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள், நல்ல நிறம் எது என்று தெரிந்தால்தான் கெட்டது தெரியும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம், எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. குழுவில் சேர வரும் நாயின் அட்டையை முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது.

ஜூன் 7

இந்த நாளில் மட்டும் நாங்கள் மேட்டுக்குப் போவதில்லை, நகரத்துக்குள் நடக்கிறோம். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த காந்தியை மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். விளக்கில்லாத காத்திருப்பு அறையில் இரவு முழுவதும் குளிரில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்ததையும், மேலங்கி பெட்டிக்குள் இருந்தும் மறுபடி அவமானப்பட நேருமோ என்று அதைக் கேட்காமல் இருந்துவிட்டதையும் அவரே எழுதியிருக்கிறார். இந்த ஊரின் ஜூன் குளிர் எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் நான் அந்த மேலங்கியைத்தான் சொல்வேன்.

இரயில் நிலையத்தின் செங்கல் சுவரைத் தொட்டுவிட்டு, சர்ச் தெருவில் இருக்கும் அவர் சிலை வரை நடந்தோம். வழியில் ஒரு பூங்கா இருக்கையில் தாத்தா உட்கார்ந்தார். ராஜா அவர் காலடியில் படுத்துக்கொண்டான். தாத்தா இருக்கையின் பலகையைக் கையால் தடவியபடி, "சின்ன வயசுல இதுல உட்கார எனக்கு விடல, நாய்க்கு விட்டாங்க," என்றார். வெள்ளைக்காரக் குழந்தைகளின் நாய்கள் அந்தப் பூங்காவில் ஓடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததாகச் சொன்னார். 1953இல் வந்து 1990இல்தான் நீக்கப்பட்ட சட்டம் அது, பூங்கா, கடற்கரை, இருக்கை எல்லாவற்றையும் நிறத்தால் பிரித்த சட்டம். அவருக்கு வெளியில் நடக்கப் போவது உடற்பயிற்சி மட்டும் அன்று என்பது எனக்கு இன்றுதான் முழுவதும் விளங்கியது. மழை தவிர எதற்கும் அவர் நடையை விட்டதில்லை, ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

ஜூன் 8

இன்று காம்ரேட்ஸ் ஓட்டம். இந்த முறை இறக்கம், இங்கிருந்து டர்பனுக்கு. 90 கிலோமீட்டர் அளவு, பன்னிரண்டு மணி நேரம் கெடு. விடியுமுன் நகர மண்டபத்துக்கு முன் கூட்டம், ஒலிபெருக்கி. நாய்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம், துவக்க வெடியும் கூட்டமும் அவற்றுக்கு ஆகாது. 1921இல் தொடங்கிய ஓட்டத்தில் 1975இல்தான் எல்லா இனத்தவரையும் பெண்களையும் அதிகாரபூர்வமாகச் சேர்த்தார்கள். பிளாஸ்டிக் பையைப் போர்த்திக்கொண்டு நடுங்கி நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்த பிறகு, எங்களில் யாருக்கும் எட்டு மணி நடையைப் பற்றிக் குறை சொல்ல வாய் வராது.

ஜூன் 14

டர்பனிலிருந்து ஒருவர், எங்கள் ஊரில் குளிரே இல்லை, ஆகவே எச்சரிக்கை எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். உங்களுக்குத்தான் வேண்டும். பெர்க் காற்றை மறந்துவிட்டீர்கள்.

மேற்கே உள்ள பீடபூமியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்று, 1,000 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி சூடாகிவிடும். குளிர்காலத்தின் நடுவில் திடீரென்று 30 டிகிரியைத் தொடும். சென்ற ஆண்டு அப்படியொரு நாளில் காலை உறைபனி, ஆகவே வீரனுக்கு முதுகுத்துணி கட்டி அழைத்து வந்தார்கள். பதினொரு மணிக்குக் காற்று திரும்பியது. அரை மணி நேரத்தில் அவன் நாக்கு தாடைக்குக் கீழே தொங்கி, நுனி அகன்று, மூச்சு இரைத்தது. துணியைக் கழற்றி, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி நிழலில் உட்கார வைத்தோம். மறுநாளே தெற்கிலிருந்து குளிர்க்காற்று வந்து டிரேக்கன்ஸ்பெர்க் மலைகளில் பனி விழுந்தது.

அந்தக் காற்று அடிக்கும் நாளில் காய்ந்த புல்வெளிக்குள் போகாதீர்கள். ஒரு தீப்பொறி போதும். விவசாயிகள் தீத்தடுப்புக்காக எரித்து வைத்திருக்கும் கருத்த பட்டைகளில் நாயை நடத்தவும் வேண்டாம், எரிந்த புல்லின் அடிக்கட்டை பாதத்தில் குத்தும். வெயில் காயும் பாதையில் விரியன் பாம்பு குளிர்காலத்திலும் கிடக்கும். மற்றப் பாம்புகள் காலடி ஓசைக்கு விலகும், பஃப் ஆடர் என்கிற இந்த விரியன் அசையாமல் கிடக்கும். நாய்ப் பட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு அது ஒன்றே போதிய காரணம்.

ஜூன் 22

முதல் குறிப்பில் தவறாக எழுதிவிட்டேன். ஜூன் 21 கடந்தால் காலை வெளிச்சம் முன்னே வரும் என்றேன். நேற்றோடு அந்த நாள் கடந்துவிட்டது, ஆனால் சூரிய உதயம் இன்னும் பின்னேதான் போகிறது. மிகக் குறுகிய பகல் ஜூன் 21 என்பது சரி. ஆனால் மாலை மிக முன்னதாக இருட்டும் நாள் ஜூன் 10ஐ ஒட்டி வந்து போய்விட்டது, காலை மிகத் தாமதமாக விடியும் நாள் ஜூலைத் தொடக்கத்தில்தான் வரும். ஆகவே மாலை நடைக்காரர்களுக்கு இப்போதே நிமிடம் நிமிடமாகக் கூடிக்கொண்டிருக்கிறது, காலை நடைக்காரர்கள் இன்னும் ஒன்றரை வாரம் பொறுக்க வேண்டும். என் பேச்சைக் கேட்டு நாளை முதல் ஏழு மணிக்குக் கூடலாம் என்று முடிவு செய்தவர்கள் எட்டு மணிக்கே இருங்கள்.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. கோயிலில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் வாரங்கள் இவை. ஊரில் ஆடி என்றால் காவிரியில் புதுப்புனல், இங்கே ஆடி என்றால் வாய்க்குள் கஞ்சி போகும்போது விரல் நுனிகள் உயிர் பெறுவது. நடை முடிந்து நேராகக் கோயில் வாசலுக்குப் போய், சுடச்சுடக் குடித்துவிட்டு வந்தோம், வெளியே நின்ற நாய்களுக்கும் ஆறவைத்த ஒரு கிண்ணம். வெங்காயம் போடாத கஞ்சி என்று கேட்டுக்கொண்டுதான் கொடுத்தோம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே ஆகஸ்டில்தான் பலிக்கும், இன்னும் சில நாள் இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க் வாசகர் எழுதியிருந்தார், நான்கு குடும்பங்களில் மூன்று எட்டு மணிக்கு மாறிவிட்டனவாம், கணவர் பத்து மணிக்குக் கிழ நாயுடன் தனியாக வருகிறாராம். தனியாக வர வேண்டாம், யாராவது ஒருவர் முறை வைத்து அவருடன் தங்குங்கள். எங்கள் ராஜா இந்த மாதம் முதல் திருப்பம் வரைதான் வருகிறான். அங்கே ஒரு பாறை இருக்கிறது, பத்தரைக்கெல்லாம் அதன் மேல் முழு வெயில். மற்றவர்கள் மேலே போய் வரும்வரை அதில் சாய்ந்து படுத்திருப்பான், தாத்தாவும் அவனோடு, எங்களில் ஒருவரும் அவர்களோடு. அடுத்த வாரம் என் முறை. கறுப்பிக்குச் சீப்பு எடுத்துக்கொண்டு போகிறேன், பொறுக்க வேண்டிய விதை நிறைய இருக்கிறது.